சக்கர் மீனின் ராத்திரிச் சாப்பாடு

திருவண்ணாமலை
ஆகஸ்ட் 3, 2025

கீர்த்தனாவுக்கு,

நலமா என்று கேட்டு எழுத இப்போது எனக்குக் கை ஓடவில்லை. நேற்றுச் சாயங்காலம் கண்ணால் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

நீ கல்யாணச் சீராகத் தூக்கிக்கொண்டு வந்தாயே மீன் தொட்டி, அதில் உன் தங்கமீன் கொஞ்ச நாளாகச் சரியாக நீந்தவில்லை. விலாவில் செதில் உதிர்ந்து ரத்தச் சிவப்பாக ஒரு புண். ஏதோ நோய் என்று கல்லுப்பு போட்டுப் பார்த்தேன். நேற்று விளக்கு வைக்கும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனேன். அடியிலேயே கிடக்கும் கறுப்பு சக்கர் மீன், கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னுமே, அது தங்கமீன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அந்தப் புண்ணில் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. உயிரோடு இருக்கிற மீனை, கீர்த்தனா! அது இப்படியும் அப்படியும் துடிக்கிறது, இது விடவே இல்லை. நான் போட்ட கூச்சலில் மாடி ரூமில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரப் பெண் தியானத்தை விட்டுவிட்டு இறங்கி ஓடி வந்தாள்.

இந்த மீனைப் பற்றி நான் எத்தனை பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன்! ஜைனர் வீட்டுக்கென்றே பிறந்த மீன், பாசியைத் தவிர எதையும் தொடாது, பிறவிச் சைவம் என்று. பூசைக்கு வந்த நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அதைக் குனிந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. இனி அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

காரணம் எனக்குத் தெரியும். அன்றைக்கு இருட்டில் உட்கார்ந்து நீ அதற்கு ஒரு வில்லையைப் போட்டுக்கொண்டிருந்தாயே, அந்த டப்பாவில் மீன் தூள், இறால் தூள் என்று அச்சடித்திருந்தது. அதற்குத்தான் நான் சத்தம் போட்டேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய். இப்போது பார், ருசி காட்டிவிட்டுப் போனதன் பலன்.

ஜினசேனன் போனை நீ எடுப்பதில்லை. மழைக்கால நாலு மாதமும் போனைத் தொடுவதில்லை என்று இந்த வருஷ சாதுர்மாசத்துக்கு நான் விரதம் எடுத்துக்கொண்டேன். அதனால் கடிதம். சக்கரை ஏரியில் விட்டுவிடலாம் என்கிறான் உன் வீட்டுக்காரன். உன் மீன் என்பதால் கேட்கிறேன். உடனே பதில் போடு.

கனகலதா


கீழ்பென்னாத்தூர்
ஆகஸ்ட் 6, 2025

அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. படித்ததும் எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் நீங்கள் சொன்ன காரணத்துக்காக இல்லை.

தங்கமீனை உடனே வேறு பாத்திரத்தில் தனியாக விடுங்கள். சக்கரை ஏரியில் விட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். அது இந்த ஊர் மீன் இல்லை. ஏரியில் பெருத்துவிட்டால் மற்ற மீன்களின் முட்டையை எல்லாம் வழித்துவிடும், அந்தப் பாவமும் நம் தலையில்தான் விழும்.

அதற்கு ருசி ஏறவில்லை அத்தை. பசி. டார்ச் அடித்துப் பார்த்தீர்களே, அதன் வயிற்றைப் பார்த்தீர்களா? உருண்டையாக இருக்க வேண்டும். உள்ளே ஒட்டிப்போயிருந்தால் பல நாளாக அதற்குச் சாப்பாடு இல்லை என்று அர்த்தம். பூசைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று தொட்டியைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினீர்கள். இருந்த கொஞ்சம் பாசியும் போயிற்று. பாசி இருந்தாலும் போதாது. குட்டியாக இருந்தபோது போதும், இப்போது அது ஒரு சாண் வளர்ந்துவிட்டது.

நீங்கள் பொழுது சாய்வதற்குள் பொரி போடுகிறீர்கள். பொரி மிதக்கும். மேலே திரிகிற தங்கமீன் அத்தனையையும் தின்றுவிடும். சக்கர் வெளிச்சத்தில் கட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கும், இருட்டிய பிறகுதான் வெளியே வரும். வரும்போது தொட்டியில் ஒன்றும் இருக்காது. அது வேறு எங்கே போகும்?

வெள்ளரிக்காயோ சுரைக்காயோ ஒரு வட்டம் நறுக்கி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, ஒரு ஸ்பூனோடு நூலால் கட்டி அடியில் இறக்குங்கள். ஸ்பூன் கனத்துக்கு அது மிதக்காது. விளக்கை அணைத்துவிடுங்கள். மிச்சத்தைக் காலையில் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கெட்டுவிடும். இதில் மீன் தூளும் இல்லை, இறாலும் இல்லை. ஆனால் இருட்டிய பிறகு போட்டால்தான் உண்டு.

"இந்த வீட்ல பொழுது சாஞ்சா எந்த உயிரும் வாயத் தொறக்கக் கூடாது"ன்னு அன்றைக்கு என்னிடம் சொன்னீர்கள். அது மீனுக்குத் தெரியாது.

அவர் கேட்டால், நான் இங்கேயே இருக்கப்போகிறேன் என்று சொல்லுங்கள். துணிக்கடை வேலைக்கு இங்கிருந்தே பஸ்ஸில் போய் வருகிறேன். கோபத்தில் எழுதவில்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

கீர்த்தனா


திருவண்ணாமலை
ஆகஸ்ட் 10, 2025

கீர்த்தனாவுக்கு,

தங்கமீன் செத்துவிட்டது. அண்டாவில் தனியாக விட்டும் பிழைக்கவில்லை. பௌர்ணமிக் கூட்டம் ரோடு முழுக்க "அண்ணாமலைக்கு அரோகரா" என்று போய்க்கொண்டிருக்கிறது, நான் அண்டாப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். என் கையால் ஒரு உயிர் போனது இதுதான் முதல் தடவை. ஜினசேனன் செம்பருத்திச் செடிக்கடியில் குழி தோண்டிப் புதைத்தான்.

உன் பேச்சைக் கேட்பதா என்ற வீம்பில் முதல் நாள் வெள்ளரிக்காயைப் பொழுதோடேயே போட்டேன். சக்கர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காய் ஊறிக் கொழகொழத்துப் போனதுதான் மிச்சம். அடுத்த நாள், சாப்பிடப் போவது நான் இல்லையே, மீன்தானே என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு, விளக்கை அணைத்த பிறகு இறக்கினேன். நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். வந்தது. நீ சொன்ன வயிற்றையும் பார்த்தேன். ஒட்டி உலர்ந்துபோய், முதுகெலும்பு தெரிகிற அளவுக்கு இருந்தது. அந்தக் காய் மேல் அது விழுந்த வேகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கொலைகாரப் பாவி என்று நான் திட்டியதெல்லாம் ஒரு பட்டினிக்காரனை.

சரி. இப்போது ஒரு விஷயம் எனக்கு இடிக்கிறது.

நீ இருந்தபோது காலையில் குப்பைக்கூடையைக் கொட்டப் போனால் வெள்ளரித் தோல் கிடக்கும். இரண்டு காயின் தோல். கேட்டால், "முகத்துக்குங்க அத்தை" என்பாய். கல்யாணமாகி ஒரு வருஷமாச்சு, இன்னும் யாரை மயக்க இந்த மினுக்கு என்று உன்னைக் கேலிகூடச் செய்திருக்கிறேன். மீனுக்குத்தான் போட்டிருக்கிறாய் என்று இப்போது புரிகிறது. ஆனால் இந்த மீன் ஒரு வட்டத்தையே முழுசாகத் தின்று முடிக்கவில்லையே! காலையில் பாதி அப்படியே கிடந்தது. முகத்தில் தேய்த்திருந்தாலும் சதை மிஞ்ச வேண்டும். கூடையில் தோலும் காம்பும்தான் இருந்தன. இரண்டு முழு வெள்ளரிக்காய் எங்கே போயிற்று?

காய் போனதற்காகக் கேட்கவில்லை. மழுப்பாமல் எழுது.

அத்தை


கீழ்பென்னாத்தூர்
ஆகஸ்ட் 14, 2025

அத்தைக்கு,

தங்கமீன் போனதைப் படித்துவிட்டு அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. உங்களைக் குறை சொல்ல மாட்டேன். தெரியாமல் செய்ததுதான்.

நீங்கள் கேட்டதற்கு எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் இழுத்தேன். எழுதிவிடுகிறேன். அந்த வெள்ளரிக்காயைச் சாப்பிட்டது நான்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் கடைக்குப் போன முதல் நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்காது. ஏழு மணிக்குக் கடையை விட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். சமையலறை கழுவித் துடைத்துக் கிடந்தது. பாத்திரமெல்லாம் கவிழ்த்து, அடுப்பு மேல் துணி போட்டு மூடியிருந்தீர்கள். நீங்கள் எல்லோரும் பொழுதோடு சாப்பிட்டு முடித்திருந்தீர்கள். "சாப்ட்டியா?"ன்னு கேட்டீர்கள். "ஆச்சுங்க அத்தை"ன்னு சொன்னேன். புதுசாக வந்தவள், மூடிய அடுப்பைத் திறங்கள் என்று எப்படிச் சொல்வேன்? வெளிச்சத்துக்குப் பூச்சி வந்து அடுப்பில் விழும், அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு என்று கல்யாணத்துக்கு முன்பே அவர் சொல்லியிருந்தார். நான் ஜைனர் வீட்டில் பிறந்தவள் இல்லை, இருந்தாலும் எனக்கும் அது நல்ல விஷயமாகத்தான் பட்டது.

மறுநாளும் கேட்டீர்கள், மறுநாளும் ஆச்சு என்றேன். அப்புறம் அதுவே பழகிவிட்டது. கடைக்குப் பக்கத்திலேயே ஓட்டல் இருக்கிறது. ஆனால் ஜைன நயினார் வீட்டு மருமகள் இருட்டிய பிறகு ஓட்டலில் உட்கார்ந்து தோசை தின்கிறாள் என்று யாராவது உங்கள் காதில் போட்டுவிடுவார்களோ என்று பயம். சில நாள் கடைப் பெண்களோடு ஒரு பன், ஒரு டீ. பல நாள் அதுவும் இல்லை. அவரிடமும் வெளியில் சாப்பிட்டேன் என்றுதான் சொன்னேன். வீட்டில் அடுப்பு இல்லாமல் தின்னக்கூடியது வெள்ளரிக்காய்தான். எல்லோரும் படுத்த பிறகு மீனுக்கு ஒரு வட்டம் போட்டுவிட்டு, மிச்சத்தை அங்கேயே உட்கார்ந்து தின்பேன். அந்த வில்லை, வெள்ளரிக்காய் கிடைக்காத நாளில் அதற்குப் போட வாங்கி வைத்தது.

அன்றைக்கு வெள்ளரிக்காய் கிடைக்கவில்லை. எனக்கும் ஒன்றும் இல்லை. மீனுக்காவது இருக்கட்டும் என்று டப்பாவைத் திறந்தேன். அப்போதுதான் நீங்கள் வந்து "எந்த உயிரும் வாயத் தொறக்கக் கூடாது"ன்னு சொன்னீர்கள். எனக்குத் தலை சுற்றியது. கோபமா பசியா என்று எனக்கே தெரியவில்லை.

கீர்த்தனா


திருவண்ணாமலை
ஆகஸ்ட் 17, 2025

என் கண்ணு கீர்த்தனாவுக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோயிருக்கிறது, அதுகூடத் தெரியவில்லை.

குழாய்த் தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் ஒரு வாய் குடித்தவள் இல்லை நான். துணியில் தங்குகிற கண்ணுக்குத் தெரியாத பூச்சியைக்கூடத் திரும்பத் தண்ணீரில் அலசி விடுவேன். வாசலில் எறும்பு மிதிபடுமே என்று பார்த்துப் பார்த்துக் கால் வைப்பேன். அப்படிப்பட்ட என் வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கம், நீ ஒரு வருஷமாகப் பச்சை வெள்ளரிக்காயைத் தின்றுவிட்டுப் படுத்திருக்கிறாய்.

ஜினசேனன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாகக் கேட்டேன்.

"ஏன்டா, உன் பொண்டாட்டி ராத்திரி சாப்புடறாளா இல்லியான்னு உனக்குத் தெரியுமா?"

"வெளிய சாப்ட்டுட்டேன்னு சொல்லுவாம்மா."

"சொன்னா? நீ நம்பிட்டியா?"

"நீயும்தானேம்மா நம்பின?"

கடிதத்தை அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன். படித்தான். பையைத் தோளிலிருந்து இறக்காமலே உட்கார்ந்துவிட்டான். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறவன், கூடப் படுத்திருக்கிறவள் வயிறு காலி என்று தெரியாமல் இருந்திருக்கிறான். அன்றைக்கு அவனும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

உன்மேலும் எனக்குக் கோபம்தான். மீனுக்கு வாய் பேசத் தெரியாது. உனக்கு என்ன? பசிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாதா? இப்படி எழுதிவிட்டு யோசித்துப் பார்க்கிறேன். நீ சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? "பொழுதோட வூட்டுக்கு வர மாதிரி வேற வேல பாத்துக்க"ன்னு சொல்லியிருப்பேன். என் வாய் எனக்குத் தெரியாதா?

விரதம் எனக்கு. இருட்டிய பிறகு நான் அடுப்பு பற்றவைக்க மாட்டேன், அதை மாற்றச் சொல்லாதே. ஆனால் பொழுதோடேயே சமைத்து உனக்கென்று ஒரு ஹாட் பாக்ஸில் எடுத்து வைத்தால் முடிந்தது. இவ்வளவுதான் விஷயம்! இதற்குப் போய் ஒரு வருஷம். இன்றைக்கே கடையில் போய்ப் பெரிய ஹாட் பாக்ஸாக வாங்கி வந்துவிட்டேன். சமையலறை மேடையில் வைக்கிறேன். நீ பாட்டுக்கு வந்து, யாருக்கும் தெரியாமல் எடுத்துச் சாப்பிட்டுக்கொள். நானும் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வேன், உனக்குச் சங்கடம் வேண்டாம். வந்துவிடு.

அத்தை


கீழ்பென்னாத்தூர்
ஆகஸ்ட் 20, 2025

அன்புள்ள அத்தைக்கு,

நீங்களும் அவரும் சாப்பிடாமல் இருந்தீர்கள் என்று படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. நீங்கள் பதறியதும் நிஜம் என்று எனக்குத் தெரிகிறது. அவர் இரண்டு தடவை கடை வாசலில் வந்து நின்றார். பேசினேன். அழுதார்.

ஆனாலும் ஹாட் பாக்ஸ் வேண்டாம் அத்தை.

நான் அதிகப்பிரசங்கி என்று நினைத்தாலும் பரவாயில்லை. எல்லோரும் போய்ப் படுத்துக்கொண்ட பிறகு, யாருக்கும் தெரியாமல், இருட்டில் எடுத்துத் தின்னச் சொல்கிறீர்கள். சக்கருக்கு அது பழக்கம், அதன் பிறவி அப்படி. நான் அப்படிப் பிறக்கவில்லை. வெள்ளரிக்காய்க்குப் பதிலாகச் சோறு கிடைக்கும், அவ்வளவுதானே வித்தியாசம்? பசி ஒரு பக்கம் இருக்கட்டும். திருடி போல முதுகை வளைத்து உட்கார்ந்து, வாயை மூடி மென்றேனே, கடிக்கிற சத்தம் வெளியில் கேட்டுவிடக் கூடாது என்று. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் விரதத்தில் நான் கை வைக்க மாட்டேன். என் பழக்கத்தை நீங்கள் பார்க்கவும் முடியாது. அதனால் நான் இங்கே இருப்பதுதான் இரண்டு பேருக்கும் நல்லது. அவர் இங்கே வந்து போகட்டும்.

சக்கரின் வயிறு இப்போது எப்படி இருக்கிறது? கொஞ்சம் உருண்டால் பட்டாணியும் வேகவைத்துத் தோலுரித்துப் போடலாம். தினம் வெள்ளரிக்காயே போட வேண்டாம், அதில் வெறும் தண்ணீர்தான் இருக்கிறது, சத்து இல்லை.

கீர்த்தனா


திருவண்ணாமலை
ஆகஸ்ட் 22, 2025
(அஞ்சலட்டை)

கீர்த்தனா,

ஞாயிற்றுக்கிழமை சாயங்கால பஸ்ஸில் நானே வருகிறேன். பொழுதோடு சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன், எனக்காக ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சம்பந்தியம்மாவிடம் சொல். நீ ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவாயோ அத்தனை மணிக்குச் சாப்பிடு. சாப்பிட்டாயா, சாப்பிட்டாயா என்று ஒரு வருஷம் கேட்டு ஏமாந்தவள் நான். இனிமேல் கேட்கிற உத்தேசம் இல்லை. எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சக்கர் நலம். பட்டாணி தின்கிறது.

அத்தை


கீழ்பென்னாத்தூர்
ஆகஸ்ட் 26, 2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கார்டு நேற்றுத்தான் வந்தது. நீங்கள் வந்துபோனதற்கு மறுநாள்! தபால்காரர் கையில் அதைப் பார்த்ததும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். முன்னாலேயே வந்திருந்தால் அம்மா வேறு சமையல் செய்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யார் வரப்போகிறார்கள் என்று கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டாள்.

கதவைத் திறந்தால் வாசலில் நீங்கள் நிற்கிறீர்கள். வீடு முழுக்கக் கருவாட்டு வாசனை. தம்பி விமல்ராஜ் ஓடிப்போய் ஜன்னலையெல்லாம் திறக்கிறான், அம்மா குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடுகிறாள். நீங்கள் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுவீர்கள் என்றுதான் நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தீர்கள். "எதுக்கும்மா ஓடறீங்க? கொழம்பக் கொண்டாந்து வைங்க. அவ சாப்புடற நேரமாச்சே"ன்னு சொன்னீர்கள்.

அம்மா பதற்றத்தில் தட்டையே கீழே போட்டுவிட்டாள். எனக்கும் சோறு இறங்காது, நீங்கள் போன பிறகு சாப்பிடுகிறேன் என்றேன். நீங்கள் கேட்கவில்லை. டியூப் லைட்டுக்கு நேர் கீழே என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தீர்கள். உங்கள் முகம் வெளிறிப்போயிருந்தது. நெற்றியில் வேர்வை. ஆனால் மூக்கைப் பொத்தவில்லை, முகத்தைத் திருப்பவில்லை, கடைசி வரைக்கும் எழுந்திருக்கவும் இல்லை. நான் எடுத்து வைத்த ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். நான் மென்ற சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்கும்.

தட்டு காலியானதும் அம்மா கையிலிருந்து கரண்டியை வாங்கினீர்களே, அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பொழுது சாய்ந்து எவ்வளவோ நேரம் ஆகிவிட்டது. "சோறு நான் போடறேன், கொழம்ப நீயே ஊத்திக்கோ"ன்னு சொன்னீர்கள். நீங்கள் பஸ் ஏறிப்போன பிறகு அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், அப்புறம் அவளும் அழுதாள்.

உங்கள் வீட்டில் நான் கருவாடு கேட்க மாட்டேன் அத்தை, பயப்படாதீர்கள். ரசமும் சோறும் போதும்.

வெள்ளிக்கிழமை கடையை விட்டு நேராக வீட்டுக்கு வருகிறேன். ஏழரை ஆகிவிடும். வழியில் ஒன்றும் தின்ன மாட்டேன். பசியோடு வருவேன்.

கீர்த்தனா